ஸ்கானில் தெரியாத நோ

தலையிடி, கால் உளைவு என்றால் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்லிவிடுவோம். ஆனால் பெண்குறிக்கும் மலவாசலுக்கும் இடைப்பட்ட இடத்தில் நோகிறது என்று யாரிடம் சொல்வது? எமது பெண்கள் அதை ‘அடிவயிறு’ என்பார்கள், ‘நாரி’ என்பார்கள். கணவன் காணாமற் போன என் போன்றவர்களுக்கு இன்னும் கஷ்டம். “அவளுக்கு அங்க என்ன வருத்தம்?” என்ற கேள்வி ஒழுங்கை முழுவதும் சுற்றி வரும்.

2012 இல், மீள்குடியேறி இரண்டு வருடங்களின் பின், எனக்கு இது தொடங்கியது. காலையில் ஆறு கிலோமீற்றர் சைக்கிள், பகல் முழுவதும் தையல் மெசினுக்கு முன்னால் மரக்கதிரை. முதலில் மிளகாய்த்தூள் பட்டது போல எரிவு. பிறகு கரண்ட் அடிப்பது போல ஒரு வெட்டு. உள்ளே ஏதோ உருண்டை சிக்கி இருக்கிறது என்ற உணர்வு வேறு. இருந்தால் கூடும், எழும்பி நின்றால் குறையும், படுத்தால் அநேகமாக இல்லை.

சலப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. ஆனாலும் கிருமிக்குக் குளிசை தந்தார்கள், ஒரு முறையல்ல, நாலு முறை. ஸ்கானில் கர்ப்பப்பை, சூலகம் எல்லாம் நலம். ஒரு வைத்தியசாலையில் எனது நோவை மொழிபெயர்த்தவர் ஒரு ஆண் ஊழியர். பின்னால் வரிசையில் நின்றவர்களும் கேட்டார்கள். இன்னோரிடத்தில், “போரில் நிறையப் பட்டிருக்கிறீர்கள், மனக்கவலைதான்” என்றார்கள். கவலை இல்லாத பெண் இங்கே யார்? கவலை இருப்பதால் நரம்பு நோகாது என்று ஆகிவிடுமா?

ஐந்தாவது வருடத்தில் ஒரு பெண் வைத்தியர் புதிதாகச் சில கேள்விகள் கேட்டார். நித்திரையில் நோ எழுப்புகிறதா? கதிரையில் இருக்கும்போது வரும் நோ, கொமட்டில் இருக்கும்போது குறைகிறதா? எழுப்புவதில்லை, கொமட்டில் குறைகிறது என்றேன். பிறகு என்னிடம் அனுமதி கேட்டு, உட்பக்கமாக ஓரிடத்தை மெல்ல அழுத்தினார். அதே வெட்டு. “இதுதான் இடம்” என்றார்.

அது பியுடென்டல் நரம்பு. முள்ளந்தண்டின் அடியிலிருந்து புறப்பட்டு, இரண்டு இறுகிய நார்ப்பட்டைகளுக்கு இடையால் நுழைந்து, நாம் இருக்கும்போது பாரம் தாங்கும் எலும்பின் உட்புறமாக ஒரு குழாய் வழியே போகிறது. அந்தக் குழாயை 1836 இல் விபரித்த அயர்லாந்து உடற்கூற்றியலாளர் அல்கொக்கின் பெயரால் இன்றும் அழைக்கிறார்கள். கடினமான பிரசவம், குண்டியடிபட விழுதல், நீண்டகாலச் சைக்கிள் ஓட்டம், மணிக்கணக்கில் இருந்து செய்யும் வேலை, மலச்சிக்கலில் முக்குதல் எல்லாம் இந்த நரம்பை நசுக்கலாம், இழுக்கலாம்.

பிரான்சின் நாந்த் நகர வைத்தியர்கள் தலைமையில் 2008 இல் இதற்கு ஐந்து அடையாளங்கள் வகுக்கப்பட்டன. இந்த நரம்பு போகும் பகுதியில் நோ, இருந்தால் கூடுதல், நோவால் இரவில் விழிக்காமை, தொட்டுப் பார்க்கையில் உணர்ச்சி குறையாமை, நரம்பைச் சுற்றி விறைப்பூசி போட்டால் நோ தற்காலிகமாக மறைதல். இந்த ஐந்தில் ஸ்கான் படம் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஸ்கான் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டி, வேறு நோய் இல்லை என்று உறுதிப்படுத்த அது வேண்டும். ஆனால் படம் சுத்தமாக இருப்பதால் நோ பொய்யாகிவிடாது. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் உடம்பில் செல் துண்டு இருப்பதை முன்கூட்டியே கட்டாயம் சொல்லுங்கள். அந்த இயந்திரம் பெரிய காந்தம்.

இரவில் சிறிய அளவில் அமிற்றிப்டிலின் தந்தார்கள். மருந்துக்கடைக்காரர் “இது மனநோய்க்குக் குடுக்கிற குளிசை” என்றார். மனச்சோர்வுக்கு வந்த மருந்துதான். குறைந்த அளவில் நரம்பு நோவையும் தணிக்கும். இயன்மருத்துவர் இடுப்படித் தசைகளைத் தளர்த்தும் மூச்சுப் பயிற்சி பழக்கினார். பிரசவத்தின் பின் சொல்லித் தரும் இறுக்கும் பயிற்சி வேறு, இது வேறு. ஏற்கெனவே இறுகிய தசையை மேலும் இறுக்கினால் நோ கூடலாம். சைக்கிளை விட்டேன். துணி வெட்டுவதை நின்றபடி செய்கிறேன். முழுக்க மாறவில்லை. இப்போது ஒரு மணித்தியாலம் தொடர்ந்து இருக்க முடிகிறது, முன்பு பத்து நிமிடம்.

உட்பரிசோதனை என்றாலே நடுங்கும் சகோதரிகள் எம்மிடையே இருக்கிறார்கள். காரணத்தை நான் எழுதத் தேவையில்லை. பெண் வைத்தியரைக் கேட்கலாம், தாதி ஒருவர் பக்கத்தில் நிற்கக் கேட்கலாம், இடையில் நிறுத்தச் சொல்லலாம். குடும்பநல மருத்துவமாதுவிடமோ சுகவனிதையர் கிளினிக்கிலோ முதலில் பேசலாம், பணம் தேவையில்லை. எங்கே, எப்போது, எதனால் கூடுகிறது என்பதை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் பலர் முன்னால் வாய்விட்டுச் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் சலம் போக முடியாமல் அடைத்தாலோ, இருக்கும் பகுதி மரத்துப்போனாலோ, கால் பலமிழந்தாலோ கிளினிக் நாள் வரை பார்த்திருக்கக் கூடாது. அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். மாதவிடாய் நின்றபின் இரத்தம் பட்டால் அதையும் தாமதிக்காமல் காட்டவேண்டும்.

மெத்தை எப்படிச் செய்வது என்று பலர் கேட்கிறார்கள். மூன்று அங்குலத் தடிப்பான, அமுங்காத ஸ்பொஞ்ச் எடுத்து, நடுவில் நாலு அங்குல அகலத்தில் முன்விளிம்பு வரை வெட்டி நீக்குங்கள். இருந்து பாருங்கள். பாரம் இரண்டு பக்க எலும்பிலும் விழவேண்டும், நடுப்பகுதியில் எதுவும் முட்டக் கூடாது. முட்டினால் இன்னும் அரை அங்குலம் வெட்டுங்கள். உறை பழைய சீலையில் தைக்கலாம்.