கூடிப் பேச எந்தச் செயலி? வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டுத் தொலைபேசியின் அருகிலேயே காத்துக் கிடந்த காலத்தை நம் மூத்த வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவசரம் என்றால் ‘அர்ஜண்ட்’, அதைவிட அவசரம் என்றால் ‘லைட்னிங்’ என்று கூடுதல் கட்டணம் கட்டி விருதுநகருக்கும் குண்டூருக்கும் பேசி விலை கேட்டோம். 1995 ஜூலை 31ஆம் தேதி இந்தியாவில் செல்போன் பேச்சு தொடங்கியது. இன்றோ கடை, குடோன், லைன் வண்டி, வெளியூர் புரோக்கர் ஆகிய நால்வரையும் ஒரே அழைப்பில் சேர்த்துப் பேச முடிகிறது. இதைத்தான் ‘ஆடியோ கான்பரன்ஸ்’ என்கிறோம்.

இதற்கான செயலிகள் ஏராளம். எதைத் தேர்ந்தெடுப்பது என்று பலரும் கேட்கிறார்கள். விளம்பரத்தைப் பார்த்தோ, பக்கத்துக் கடைக்காரர் வைத்திருக்கிறார் என்பதற்காகவோ முடிவு செய்யக் கூடாது. நம் ஆட்களில் யாரிடம் மிகச் சாதாரண போன் இருக்கிறதோ, யார் இருக்கும் இடத்தில் சிக்னல் மிகக் குறைவோ, அவருக்கு ஒத்து வருவதே நம் கடைக்கு ஏற்ற செயலி. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பார்ப்போம்.

முதலில் தேவையை எழுதுவோம்

ஒரு தாளை எடுத்து மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேச வேண்டும்? எவ்வளவு நேரம் பேச வேண்டும்? அவர்களிடம் என்ன போன் இருக்கிறது?

காலையில் கடை திறந்ததும் அன்றைய விலையையும் இருப்பையும் சொல்ல நாலைந்து பேருக்குப் பத்து நிமிடம் போதும். இதற்குச் செயலியே தேவையில்லாமல் போகலாம். சாதாரண செல்போனில் உள்ள கான்பரன்ஸ் வசதியில், நெட்வொர்க் இடம் கொடுத்தால், நம்மைத் தவிர ஐந்து பேர் வரை சேர்க்கலாம். பட்டன் போன் வைத்திருக்கும் குடோன் காவலாளியும் பேசலாம், இன்டர்நெட் வேண்டியதில்லை.

ஆள் கூடினால் அடுத்த படிக்குப் போக வேண்டும். வாட்ஸ்அப் குழு அழைப்பு 2018இல் நான்கு பேருடன் தொடங்கியது. 2020இல் எட்டுப் பேராகவும், 2022இல் குரல் அழைப்புக்கு 32 பேராகவும் உயர்ந்தது. ஜூம் இலவசத் திட்டத்தில் 100 பேர் வரை சேரலாம். ஆனால் 40 நிமிடத்தில் அழைப்பு முடிந்துவிடும். கூகுள் மீட்டில் இலவசமாக 100 பேர் சேரலாம். மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடம் வரைதான். சென்னையை மையமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனமும் ‘அரட்டை’, ‘கிளிக்’ ஆகிய செயலிகளைத் தருகிறது. இந்த வரம்புகள் அவ்வப்போது மாறக்கூடியவை. பணம் கட்டிச் சேரும் முன் அன்றைய நிலையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

தினசரி வேலைக்கு இலவசமே பெரும்பாலான சிறு கடைகளுக்குப் போதும். பல ஊர்க் கிளைகள் உள்ளவர்களும், மாதக் கூட்டம் நீண்ட நேரம் நடத்துகிறவர்களும் மட்டும் கட்டணத் திட்டத்தை யோசிக்கலாம்.

எண்கள் தெளிவாகக் கேட்க வேண்டும்

நம் தொழிலில் எல்லாமே எண்கள்தான். எத்தனை மூட்டை, கிலோ என்ன விலை, எத்தனை நாள் தவணை என்பதில் ஒரு சொல் தவறாகக் கேட்டால் நஷ்டம் நம் தலையில் விழும். 50 கிலோ மூட்டையில் ‘ஐம்பது மூட்டை’ துவரம் பருப்பு கேட்டது ‘எண்பது மூட்டை’ என்று காதில் விழுந்தால் 30 மூட்டை, அதாவது 1,500 கிலோ கூடுதலாக வந்து இறங்கும். விற்பதற்குள் கிலோவுக்கு 2 ரூபாய் விலை இறங்கினால் 3,000 ரூபாய் போயிற்று. வண்டி வாடகையும் இறக்குக் கூலியும் தனி.

பழைய முறைத் தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். ‘ஸ’, ‘ஃப’ ஆகிய ஒலிகளைப் பிரித்துக் காட்டும் பகுதி பெரும்பாலும் அதற்கும் மேலே இருக்கிறது. ‘சிக்ஸ்டி’யும் ‘ஃபிப்டி’யும் போனில் குழம்புவதற்கு இதுவே காரணம். ‘எச்.டி. வாய்ஸ்’ எனப்படும் புதிய முறையும், இன்டர்நெட் வழிச் செயலிகளும் இன்னும் அகலமான ஒலியைத் தருகின்றன. சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் இவற்றில் பேச்சு தெளிவாக இருக்கும். சிக்னல் குறைந்தால் சொற்கள் விட்டுவிட்டுக் கேட்கும்.

பேச்சு மறுமுனையைச் சேர ஆகும் தாமதமும் முக்கியம். அது 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்றும், 400ஐத் தாண்டக் கூடாது என்றும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் கூறுகிறது. தாமதம் கூடினால் இருவர் ஒரே நேரத்தில் பேசி, இருவர் சொன்னதும் புரியாமல் போகும்.

டேட்டா செலவைப் பற்றி அஞ்ச வேண்டாம். விநாடிக்கு 32 கிலோபிட் வேகத்தில் குரல் போய் வந்தால் நிமிடத்துக்குச் சுமார் அரை எம்.பி.தான் ஆகும். வீடியோவைப் போட்டால்தான் பல மடங்கு கூடும். எனவே வீடியோவை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் பேசுவதே சிக்கனம்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. மாவு மில் ஓடும் இடத்திலிருந்தும், ஏற்று இறக்கு நடக்கும் இடத்திலிருந்தும் பேசுபவர் தம் முறை வரும் வரை ‘ம்யூட்’ செய்திருக்க வேண்டும். ஸ்பீக்கரில் போட்டுப் பேசாமல் மைக் உள்ள இயர்போன் மாட்டினால் எதிரொலி குறையும். எண்ணைச் சொல்லும்போது ‘ஐந்து, பூஜ்யம், ஐம்பது’ என்று பிரித்தும் சேர்த்தும் சொல்ல வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

பேசியதை எழுத வேண்டும்

வாய்ச்சொல்லில் நம்பிக்கை வைத்து நடப்பது நம் தொழில். ஆனால் ஐந்து பேர் பேசிய பேச்சை ஐந்து பேரும் ஐந்து விதமாக நினைவில் வைத்திருப்பார்கள். சரக்கு மாறி வந்த பிறகு யார் சொன்னது என்று வாதிட்டால் பத்து வருடப் பழக்கமும் கெட்டுப்போகும். ஆகவே அழைப்பு முடிந்த உடனே சரக்கு, அளவு, விலை, தவணை ஆகிய நான்கையும் ஒருவர் குழுவில் எழுதிப் போட வேண்டும். மற்றவர்கள் ‘சரி’ என்று பதில் எழுத வேண்டும். பேசும் அழைப்பும் எழுதும் குழுவும் ஒரே செயலியில் இருப்பது இதற்கு வசதி. அழைப்பை ஒலிப்பதிவு செய்வதானால் முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லிவிடுவதே முறை.

ஏமாறாமல் இருக்க

வேலையை விட்டுப் போனவரை அன்றே குழுவிலிருந்து நீக்க வேண்டும். இல்லையென்றால் நம் கொள்முதல் விலை எதிர்க்கடைக்குப் போய்ச் சேரும். கூட்டத்துக்கான லிங்க்கைப் பொதுக் குழுக்களில் போடக் கூடாது. முன்பின் தெரியாதவர் திரையைப் பகிரச் சொன்னால் அழைப்பைத் துண்டியுங்கள். திரையில் வரும் ஓ.டி.பி. அவர் கண்ணில் படும். முதலாளியின் குரலைப் போலவே கம்ப்யூட்டர் மூலம் பேச வைக்கும் மோசடியும் வந்துவிட்டது. ‘இந்தக் கணக்குக்கு உடனே பணம் போடு’ என்று குரல் வந்தால், ஏற்கெனவே தெரிந்த எண்ணுக்கு நாமே திரும்ப அழைத்துக் கேட்ட பிறகே பணம் அனுப்ப வேண்டும். இதைக் கடையில் எழுதாத சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

ஒரே செயலியை நம்பி இருக்கலாமா?

2003இல் தொடங்கி உலகெங்கும் பெயர் பெற்ற ஸ்கைப், 2025 மே மாதம் நிறுத்தப்பட்டது. அவ்வளவு பெரிய சேவைக்கே அந்த முடிவு என்றால், எதுவும் நிலையில்லை என்பதை உணரலாம். வாடிக்கையாளர் எண்களும் ஆர்டர் விவரங்களும் செயலிக்குள் மட்டும் இருக்கக் கூடாது. நோட்டிலோ கடைக் கம்ப்யூட்டரிலோ ஒரு நகல் இருக்கட்டும். செயலி வேலை செய்யாத நாளில் சாதாரண கான்பரன்ஸ் அழைப்புக்கு மாறுவது எப்படி என்பதும் ஊழியர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் முதலில் ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள். குடோன் மூலையிலிருந்தும், லைன் வண்டி போகும் கிராமத்திலிருந்தும் அழைத்துப் பேசச் சொல்லுங்கள். பத்து எண்களைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். பத்தும் சரியாக வந்தால் அந்தச் செயலி நம் கடைக்கு ஆகும். இரண்டு தவறினாலும், எவ்வளவு வசதிகள் இருந்தாலும் அது நமக்கு வேண்டாம்.