கடல் காணா நாடுகள் – 6: கண்டகியின் கல்

சிறு வயதில், ஸ்ரீவில்லிபுத்தூரில் உறவினர் வீட்டுப் பூசை அறையில் ஒரு சாளக்கிராமத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கன்னங்கரேலென்று, புளியங்கொட்டை மாதிரி வழவழப்பு. ஓரத்தில் ஒரு துளை. விளக்கருகே கொண்டுபோனால் உள்ளே சக்கரம் சக்கரமாக வரிகள். "பெருமாள்டா, கீழ போட்டுறாத" என்றார் வீட்டுப் பாட்டி.

அந்தக் கல்லின் பிறப்பிடம் நேபாளத்தில் ஓடும் காளி கண்டகி. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய சாளக்கிராமம் அந்தப் பள்ளத்தாக்கில்தான், 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முக்திநாத் என்றால் எல்லோருக்கும் தெரியும். கல்லுக்குள் தெரியும் சக்கரம் அம்மோனைட் என்ற கடல் உயிரியின் ஓடு. நம் அரியலூர்ப் பக்கத்துப் பாறைகளிலும் அந்த இனம் கிடைக்கிறது. கண்டகியில் உருண்டு வருபவை பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் டெத்திஸ் கடலின் சேற்றில் புதைந்தவை. பிறகு இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்ட, கடலடி மடிந்து மலையாக எழுந்தது. எவரெஸ்டின் 8,848.86 மீட்டர் உச்சியில் இருப்பதும் கடலில் படிந்த சுண்ணாம்புப் பாறைதான்.

நேபாளம் தமிழ்நாட்டைவிடச் சற்றே பெரிது. சுமார் 1,47,000 சதுர கிலோமீட்டர். தெற்கே தராய்ச் சமவெளி. அதன் தாழ்ந்த இடங்கள் கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர்கூட உயரமில்லை. நடுவே குன்றுகளும் படிக்கட்டு வயல்களும். வடக்கே பனிமலை. உலகில் எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய 14 சிகரங்களில் 8 இங்கேயும் இதன் எல்லையிலும் நிற்கின்றன.

ஆனால் விருதுநகர் மாவட்டத்துக் குமாரலிங்கபுரத்துக் கரிசலில் நின்று யோசிக்கிற எனக்கு, சிகரங்களைவிட அவற்றின் முதுகுப்புறம்தான் நெருக்கமாகத் தெரிகிறது. ஆடியில் மேற்கேயிருந்து வரும் காற்று நம் ஊரில் புழுதியைத்தான் வாரி இறைக்கும். ஈரத்தையெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டு வெறுங்கையோடு வருகிற காற்று அது. கண்மாய் பெருக ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும். நேபாளத்தில் இதே கணக்கு இன்னும் கொடூரமானது. அன்னபூர்ணா மலைத்தொடருக்குத் தெற்கே லும்லே என்ற ஊரில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அங்கிருந்து நேர்கோட்டில் அறுபது கிலோமீட்டர்கூட இல்லாத ஜோம்சோமில், மலைக்குப் பின்னால், சுமார் 300 மில்லிமீட்டர்தான். நம் மாவட்டத்துக்குச் சுமார் 800 கிடைக்கிறது, நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். அங்கே மண்ணால் வேய்ந்த தட்டைக் கூரைகளே போதும். முற்பகல் தாண்டியதும் பள்ளத்தாக்கில் காற்று சீறத் தொடங்கும் என்பதால் ஜோம்சோம் விமானங்கள் காலையிலேயே வந்து திரும்பிவிடுகின்றன. ஒருபுறம் தவளகிரி, மறுபுறம் அன்னபூர்ணா. மலை எழ எழ அதை அறுத்துக்கொண்டே வந்த கண்டகி நடுவில்.

1985-ல் ராமநாதபுரத்தைப் பிரித்தபோது நம் மாவட்டமும் கடற்கரையை இழந்தது. அதனால் நமக்கு ஒரு குறையும் வரவில்லை. தூத்துக்குடிக்குப் போகும் வழியை யாரும் மறிக்கப் போவதில்லை. நாட்டு எல்லை அப்படியல்ல. நேபாளத்தின் சரக்கு கொல்கத்தாவில் இறங்கி, பீர்கஞ்ச் போய்ச் சேர 700 கிலோமீட்டர். 1989 மார்ச்சில் வணிக, போக்குவரத்து ஒப்பந்தங்கள் காலாவதியானதும் இந்தியா இரண்டு வழிகளைத் தவிர மற்றவற்றை மூடியது. காத்மாண்டுவில் மண்ணெண்ணெய்க்கு வரிசை நீண்டது. 2015 ஏப்ரல் நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேரைப் பறிகொடுத்த நாடு, அதே ஆண்டு செப்டம்பரில் புதிய அரசியலமைப்பைக் கொண்டுவந்ததும் எல்லையில் லாரிகள் நின்றுபோயின. இந்தியா முற்றுகையிட்டது என்றது காத்மாண்டு. அந்த அரசியலமைப்பை எதிர்த்த தராய்ச் சமவெளியின் மாதேசி மக்களின் போராட்டமே காரணம் என்றது தில்லி. யார் சொன்னது சரியாக இருந்தாலும், வீடிழந்து தகரக் கொட்டகையில் இருந்தவர்கள் அந்தக் குளிர்காலத்தைச் சமையல் எரிவாயு இல்லாமல்தான் கழித்தார்கள். என்னால் இதை அரசியல் செய்தியாக மட்டும் படிக்க முடியவில்லை.

ஒரு காலத்தில் இவர்களுக்கு உப்பு வர வடக்கேயும் வழி இருந்தது. திபெத்தின் உப்பு ஏரிகளிலிருந்து கோவேறு கழுதைகளிலும் யாக் மாடுகளிலும் மூட்டைகள் கண்டகிக் கரையோரம் இறங்கும். பதிலுக்குக் குன்றுகளின் தானியம் மேலேறும். தகாலி என்ற இனத்தார் அந்த வணிகத்தில் செழித்தார்கள். திபெத் சீனாவின் பிடிக்குள் போன பிறகு அந்தப் பாதை மெல்ல ஓய்ந்தது. 1963-ல் நேபாளம் உப்பு வாங்கி விற்கவே தனியாக ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. டெத்திஸ் ஓடுகள் உருண்டுவரும் அந்த ஆற்றங்கரையில், இன்று கொதிக்கும் பருப்பில் விழுவது இந்தியாவிலிருந்து ரயிலேறிப் போகும் உப்பு.

(தொடரும்)