வயர்மேனா, என்ஜினீயரா?

கடைக்கு ஒரு டீப் ஃப்ரீசரும் ஏ.சி.யும் புதிதாக வைப்பதென்றால் வயர்மேனைக் கூப்பிடுகிறோம். கொஞ்சம் வசதியானவர்கள் "என்ஜினீயரே வந்தால் நல்லது" என்பார்கள். இவை ஒரே வேலையின் சின்னப் பதவி, பெரிய பதவி அல்ல. வேறு வேறு வேலைகள்.

ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன், வயர்மேன் பிரிவுகள் 2 ஆண்டு, பெரும்பகுதி கைப்பழக்கம். டிப்ளமோ 3 ஆண்டு, பி.இ. 4 ஆண்டு, அங்கே கணக்கும் வடிவமைப்பும் அதிகம். பி.இ. முடித்த பையனைக் குழாய் பதித்துக் கம்பி இழுக்கச் சொன்னால் திணறுவான். அது அவன் குற்றமல்ல.

நம் கோவையில் இது பழைய வழக்கு. கல்லூரிப் படிப்பே இல்லாத ஜி.டி.நாயுடு, 1945இல் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்தார். பட்டறைப் பயிற்சியோடு படித்தால் இத்தனை ஆண்டு தேவையில்லை என்றார். அரசு ஏற்கவில்லை, விலகிக்கொண்டார்.

மளிகைக் கடையோடு மாவு மில் வைப்பவரைப் பார்ப்போம். 5 குதிரைத்திறன் மோட்டார் என்பது சுமார் 3.7 கிலோவாட். மூன்று பேஸில் ஓடும்போது 7 ஆம்பியர் அளவில் இழுக்கும். கிளம்பும் நொடியில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அதற்கேற்ற கேபிள், ஸ்டார்ட்டர், பிரேக்கர் எவை என்று முடிவு செய்வது கணக்குத் தெரிந்தவர் வேலை. திருகாணியை இறுக்கிப் பூட்டுவதும், எர்த் கம்பியைச் சரியாக இணைப்பதும் வயர்மேன் வேலை. இணைப்பு தளர்ந்தால் சூடேறிப் புகையும். எந்த வரைபடமும் அதைத் தடுக்காது. பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைக் கட்டச் சொல்லும் கடைக்காரர்களும் உண்டு. அப்புறம் பியூஸுக்குப் பதில் சுவருக்குள் இருக்கும் வயர்தான் எரியும். பக்கத்திலேயே எண்ணெய் டின்னும் சாக்கும்!

பல்பு, பியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலை தவிர, புது வயரிங்கையும் கூடுதல் வயரிங்கையும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான், தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளரின் கண்காணிப்பில் செய்ய வேண்டும் என்பது சட்டம். தமிழ்நாட்டில் வயர்மேனுக்கும் மேற்பார்வையாளருக்கும் தனித்தனிச் சான்று உண்டு. பி.இ. பட்டம் மட்டும் ஒப்பந்த உரிமம் ஆகாது.

சாதாரணக் கடைக்கு உரிமமுள்ள ஒப்பந்ததாரரே போதும். என்ஜினீயருக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டாம் என்பதே நம் கருத்து. மதுக்கரை, க.க.சாவடிப் பக்கம் குளிர்பதனக் கிடங்கு கட்டி, சொந்த டிரான்ஸ்ஃபார்மர் வைக்கும் மொத்த வியாபாரிக்கோ என்ஜினீயர் அவசியம். உயரழுத்த இணைப்புக்கு மின் ஆய்வாளரின் ஒப்புதலும் வேண்டும்.

வேலை முடிந்ததும் உரிம எண் போட்ட பில்லையும், சோதனை அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்கித் தீ இன்சூரன்ஸ் பாலிசியோடு சேர்த்து வையுங்கள். விபத்து நேர்ந்தால், வயரிங் யார் செய்தது என்று சர்வேயர் கேட்கக்கூடும்.