தன்னால் இயலும் என்னும் துணிவை அளக்கலாமா?

பாரிசவாதத்தால் ஒரு பக்கம் தளர்ந்த இருவர் ஒரே நாளில் வைத்தியசாலையை விட்டு வீடு திரும்புகின்றனர் என வைத்துக்கொள்வோம். இருவர்க்கும் வயது ஒன்று. கைகால்களின் வலுவும் ஏறக்குறைய ஒன்றே. சில மாதங்கள் கழிந்தபின் நோக்கின், ஒருவர் கோலூன்றி முற்றத்தில் உலாவுகின்றார். மற்றவரோ கட்டிலை விட்டிறங்க அஞ்சிக் கிடக்கின்றார். தசையிலே காணப்படாத இவ்வேற்றுமை எங்கிருந்து வந்தது?

இவ்வினாவிற்கு ஓரளவு விடை தருபவர் அல்பேட் பண்டூரா. 1925ஆம் ஆண்டு கனடாவிற் பிறந்த இவர், அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் சர்வகலாசாலையில் உளநூற் பேராசிரியராக விளங்கினார். 'இதனை என்னாற் செய்ய இயலும்' என்று ஒருவர் தம் ஆற்றலில் வைக்கும் நம்பிக்கையே, அவர் அச்செயலில் இறங்குவாரா, இடர் நேரின் எத்துணைப் பொழுது விடாது முயல்வார் என்பவற்றைப் பெரிதும் தீர்மானிக்கின்றது என 1977இல் அவர் எடுத்துரைத்தார். இந்நம்பிக்கை செயலுக்குச் செயல் வேறுபடும். மேடையேறிப் பேச அஞ்சாதவரும் நோயுற்றபின் ஒரு படி இறங்க நடுங்கலாம்.

கண்ணுக்குப் புலனாகாத இதனை அளப்பது எவ்வாறு? இங்கிலாந்தில் பியோனா ஜோன்ஸ் என்பவரும் அவருடன் ஆராய்ந்தோரும் 2008இல் இதற்கென ஒரு வினாக்கொத்தை வெளியிட்டனர். அதிலுள்ள வினாக்கள் 13. களைத்திருக்கும்போதும் தாமாகவே படுக்கையை விட்டு எழ இயலுமா? வீட்டினுள்ளே சில அடி நடக்க இயலுமா? இரு கைகளையும் பயன்படுத்தி உண்ண இயலுமா? நாள்தோறும் அப்பியாசங்களைச் செய்ய இயலுமா? சில செயல்கள் கைகூடாத மனச்சோர்வைத் தாங்க இயலுமா? இவ்வாறு அவை செல்லும். துணிவு சிறிதும் இல்லையாயின் 0, முழுத் துணிவு உண்டாயின் 10 எனப் புள்ளியிடுவர். பின்னாளில் இது 0 முதல் 3 வரையாகச் சுருக்கப்பட்டது.

இதனாற் பயன் யாதெனின், வீட்டினுள் நடப்பதற்கு 8 புள்ளியும் வெளியே நடப்பதற்கு 2 புள்ளியும் இடுபவர்க்குப் பயிற்சியை எங்கே தொடங்கலாம் என்பது புலனாகும். வலுவுக்கு மிஞ்சிய துணிவு தெரியினும் நன்றே, விழாமற் காக்கலாம்.

இத்துணிவு வளரும் வழிகள் நான்கெனப் பண்டூரா கூறினார். தாமே செய்து வெற்றி காணல் முதலாவது. வலிமை மிக்கதும் அதுவே. தம்மையொத்தார் செய்வதைக் காணல், பிறர் ஊக்கும் நன்மொழி, உடலின் களைப்பையும் படபடப்பையும் செவ்வையாக உணர்தல் என்பன ஏனையவை.

இங்கேதான் குடும்பத்தார் சிந்திக்கவேண்டும். தந்தையார் சட்டைப் பொத்தானுடன் பத்து நிமிடம் போராடுவதைக் காண நம் மனம் பொறுப்பதில்லை. ஓடிச்சென்று நாமே பூட்டிவிடுகின்றோம். அன்பினாற் செய்யும் இச்செயல், 'இனி என்னால் ஆகாது' என்னும் பாடத்தை நாள்தோறும் அவர்க்குக் கற்பிக்கின்றது. வைத்தியர் ஆபத்தில்லையெனக் கூறிய செயல்களில் நாம் அருகே நின்று காத்திருப்போம். இன்று ஒரு பொத்தானை அவரே பூட்டினால், நாளை அடுத்ததற்கு அவர் கை தானாகவே செல்லும்.