அடுத்த வீட்டுக்காரர் பேரில் எழுதிய செலவு

ஒரு வரிக் கணக்குக்கு 536 டாலர். வீட்டுக்கடன் கட்ட முடியாமல் தத்தளித்தவர்களுக்காக 2009-இல் அமெரிக்க அரசு அறிவித்த 7,500 கோடி டாலரை, அந்த ஆண்டு தாக்கலான சுமார் 14 கோடி தனிநபர் வருமான வரிக் கணக்குகளால் வகுத்தால் இந்தத் தொகை வரும். ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு இது இரண்டு மூன்று வார மளிகைச் செலவு. யாருக்காக இதைக் கட்ட வேண்டும் என்று கேட்டபோதுதான் நாடு கொதித்தது.

பிப்ரவரி 18 அன்று அரிசோனா மாநிலத்தின் மேசா நகரப் பள்ளி ஒன்றில் அதிபர் ஒபாமா திட்டத்தை அறிவித்தார். மறுநாள் காலை, சிகாகோ பண்டகச் சந்தையின் தளத்தில் நின்றபடி சிஎன்பிசி தொலைக்காட்சியின் ரிக் சான்டெல்லி அங்கிருந்த தரகர்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். கூடுதலாக ஒரு குளியலறை வைத்து வீடு வாங்கிவிட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நிற்கும் அண்டை வீட்டுக்காரருக்காகப் பணம் கட்ட உங்களில் எத்தனை பேர் தயார்? தளம் முழுக்கக் கூச்சல். ஜூலையில் சிகாகோவில் 'டீ பார்ட்டி' என்ற பெயரில் ஒரு போராட்டம் நடத்தலாம் என்றார் அவர். ஜூலை வரை யாரும் காத்திருக்கவில்லை. வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கடைசி நாளான ஏப்ரல் 15 அன்றே நூற்றுக்கணக்கான ஊர்களில் மக்கள் அந்தப் பெயரில் தெருவுக்கு வந்தார்கள்.

கோபப்பட்டவர்கள் எத்தனை பேராக இருந்திருக்க முடியும்? அப்போது அமெரிக்காவில் சொந்த வீட்டில் இருந்த குடும்பங்கள் சுமார் ஏழரைக் கோடி. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கடனே இல்லாதவர்கள். கடன் இருந்த சுமார் 5 கோடிக் குடும்பங்களை எடுத்துக்கொண்டால், 2008-இன் கடைசிக் காலாண்டில் தவணை தவறிய கடன்கள் 7.88 சதவீதம், ஜப்தி நடவடிக்கையில் இருந்தவை 3.30 சதவீதம். மீதி 89 சதவீதத்தினர் மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இவர்களோடு, வீடே வாங்காமல் வாடகை கொடுத்துக்கொண்டிருந்த மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களைச் சேர்த்துப் பாருங்கள். விலை எட்டாததால் ஒதுங்கி நின்ற வாடகைக்காரர், சக்திக்கு மீறி வாங்கியவரின் தவணைக்கு வரி கட்ட வேண்டுமா? இதைப் பொறாமை என்று ஒதுக்கித் தள்ளியவர்கள் அன்று நிறைய இருந்தார்கள். அது தவறு. நியாயமான கேள்வி அது.

சலுகை ஏமாற்றத் தூண்டும் என்ற அச்சத்துக்குப் புள்ளிவிவரச் சான்றும் உண்டு. 2008 அக்டோபரில் கன்ட்ரிவைட் என்ற பெரிய கடன் நிறுவனத்தின் மீதான வழக்கு சமரசமாக முடிந்தது. தவணை தவறியவர்களுக்குச் சலுகை தருவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. கிறிஸ்டோபர் மேயரும் சக பொருளாதார அறிஞர்களும் பின்னால் ஆராய்ந்தபோது, அந்த அறிவிப்புக்குப் பிறகு கன்ட்ரிவைட் கடன்காரர்கள் தவணை தவறும் வேகம் சுமார் 10 சதவீதம் கூடியிருந்தது தெரிந்தது. கட்டக்கூடிய சிலர், சலுகைக்காகவே கட்டாமல் விட்டிருக்கிறார்கள். நூற்றுக்குப் பத்துப் பேர் ஏமாற்றினார்கள் என்று இதற்குப் பொருளில்லை. தவறும் வேகம் பத்தில் ஒரு பங்கு ஏறியது, அவ்வளவே. ஆனாலும் ஏறியது உண்மை.

சரி, மறுபக்கத்தையும் எழுதுவோம். ஒழுங்காகக் கட்டிய வீட்டுக்காரருக்கு வரிப்பணத்தில் எதுவும் போகவில்லையா? வீட்டுக்கடன் வட்டியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் சலுகையால் 2009-இல் அரசு இழந்த வருவாய் ஏறத்தாழ 8,000 கோடி டாலர். ஒரே ஆண்டில். தத்தளித்தவர்களுக்கு ஒரு முறை அறிவித்த மொத்தத் தொகையைவிட இது அதிகம், ஆண்டுதோறும் நடப்பதும்கூட. அப்போதைய விதிப்படி 10 லட்சம் டாலர் வரையிலான கடனுக்கு இந்தக் கழிவு உண்டு. இரண்டாவது வீட்டுக்கும் உண்டு. வருமானம் ஏற ஏறப் பலனும் ஏறும். வாடகைக்காரருக்கு ஒரு சென்ட்கூட இல்லை. கூடுதல் குளியலறைக்காகக் கொதித்த நாட்டில், கூடுதல் வீட்டுக்கே பொதுப்பணம் போய்க்கொண்டிருந்தது. ஒன்று செய்தியில் வந்தது, மற்றொன்று வரிப் படிவத்தின் ஒரு வரியில் அடங்கியிருந்தது. வாடகைக்காரரின் கோபத்தை இந்தக் கணக்கு தணிக்காது, இரட்டிப்பாக்கத்தான் வேண்டும்.

இனி அந்தத் திட்டத்துக்குள் போவோம். அதில் இரண்டு கைகள் இருந்தன. குறைந்த தவணைக்குக் கடனை மாற்றி எழுதும் 'ஹேம்ப்', 30 முதல் 40 லட்சம் பேருக்கு உதவும் என்றார்கள். குறைந்த வட்டிக்குப் புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைக்க உதவும் 'ஹார்ப்', 40 முதல் 50 லட்சம் பேருக்கு. 7,500 கோடியில் 5,000 கோடி, வங்கி மீட்புக்காக 2008 அக்டோபரில் நாடாளுமன்றம் ஒதுக்கிய 70,000 கோடி டாலர் 'டார்ப்' நிதியிலிருந்து வரும். மீதி, அரசின் பிடிக்குள் வந்திருந்த ஃபேனி மே, ஃப்ரெடி மேக் என்ற வீட்டுக்கடன் நிறுவனங்களிடமிருந்து.

ஹேம்ப்பில் ஒரு குடும்பத்துக்கு என்ன நடக்கும் என்று விதிகளை வைத்தே கணக்கு போடலாம். மாத வருமானம் 3,500 டாலர். வரி, காப்பீடு சேர்த்து வீட்டுத் தவணை 1,600. வருமானத்தில் 46 சதவீதம். இதை 31 சதவீதத்துக்கு, அதாவது 1,085 டாலருக்கு இறக்க வேண்டும். முதலில் 38 சதவீதம் வரை, அதாவது 1,330 டாலர் வரை, கடன் கொடுத்தவர் தம் சொந்தச் செலவில் இறக்க வேண்டும்: மாதம் 270 டாலர் அவர் தலையில். 1,330-க்கும் 1,085-க்கும் இடையிலுள்ள 245 டாலரில் பாதியை அரசு தரும்: 122 டாலர் 50 சென்ட். ஐந்து ஆண்டுக்கு 7,350 டாலர். தவணை வசூலிக்கும் நிறுவனத்துக்கு, கடனை மாற்றி எழுதியதற்கு 1,000 டாலர், பிறகு மூன்று ஆண்டுக்கு ஆண்டுக்கு 1,000 வரை: மொத்தம் 4,000. கடன்காரர் தவறாமல் கட்டினால் ஐந்து ஆண்டுக்கு ஆண்டுக்கு 1,000 வரை அவருடைய அசலில் கழியும்: 5,000.

கூட்டினால் 16,350 டாலர். இதில் அடுத்த வீட்டுக்காரரின் அசலில் நேராக வரவு வைக்கப்படுவது 5,000. மீதி 11,350, கடன் கொடுத்தவருக்கும் வசூலித்தவருக்கும். தவணை குறைவதால் குடும்பத்துக்கு மாதம் 515 டாலர் மிச்சம் என்பதை நான் மறைக்கவில்லை. உண்மையில் சலுகை கிடைத்தவர்களின் நடுமட்டச் சேமிப்பும் 500 டாலரைச் சுற்றியே இருந்தது. ஆனால் அந்த மிச்சத்தின் பெரும்பகுதியைச் சுமந்தது கடன் கொடுத்தவரே தவிர, வரி கட்டியவர் அல்ல. ஐந்து ஆண்டுக்குப் பிறகு வட்டி, ஆண்டுக்கு ஒரு சதவீதப் புள்ளி வீதம், சந்தை நிலவரம் வரை மீண்டும் ஏறும்.

திட்டம் சறுக்கிய இடம் வசூல் நிறுவனம்தான். பொதுமக்களின் கண் அங்கே போகவே இல்லை. கடன் கொடுத்த வங்கி அந்தக் கடனைப் பத்திரமாக்கி முதலீட்டாளர்களுக்கு விற்றுவிடும். தவணையை வாங்கிப் பிரித்துக் கொடுக்க ஒரு நிறுவனம் இருக்கும். அதற்குக் கூலி, பாக்கி அசலில் ஆண்டுக்குக் கால் சதவீதம் போல. 2 லட்சம் டாலர் கடனுக்கு 500 டாலர். இந்தக் கூலியில் ஆள் வைத்து, ஒவ்வொரு குடும்பத்தின் வருமானச் சான்றையும் பார்த்துக் கடனைத் திருத்தி எழுதுவது கட்டுப்படியாகாது. தவணை தாமதமானால் அபராதக் கட்டணம் நிறுவனத்துக்கே. தவறிய தவணைக்காகக் கைப்பணத்தை முன்கூட்டிப் போட்டிருந்தால், ஜப்தி முடிந்து வீடு விற்றதும் முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமையும் அதற்கு உண்டு. இப்படி ஜப்தியில் நஷ்டம் காணாத ஒருவரிடம் 1,000 டாலரைக் கொடுத்து, ஜப்தியைத் தவிர்த்துத் தாருங்கள் என்று அரசு கேட்டது.

விளைவு தெரிந்ததே. நிரந்தரச் சலுகைக்கு முன் குறைந்த தவணையைச் சில மாதம் சோதனையாகக் கட்டிக் காட்ட வேண்டும். 2009 முடிவில் இப்படிச் சோதனைத் தவணை கட்டிக்கொண்டிருந்தவர்கள் சுமார் 8 லட்சம். நிரந்தரச் சலுகை கிடைத்தவர்கள் சுமார் 66,000. அந்த ஆண்டு ஜப்தி நோட்டீஸ் போன வீடுகள் 28 லட்சம். நெவாடா மாநிலத்தில் பத்து வீட்டுக்கு ஒரு வீடு. மூன்று மாதச் சோதனை என்று சொல்லி ஓராண்டுவரை இழுத்தடிக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். காகிதம் தொலைந்தது, மறுபடி அனுப்பு, மறுபடி தொலைந்தது. ஒரு மேஜையில் சலுகை விண்ணப்பம் நடந்துகொண்டிருக்க, அதே நிறுவனத்தின் இன்னொரு மேஜையில் ஜப்தி வேலை நடந்தது. டார்ப் நிதியின் சிறப்புக் கண்காணிப்பாளர் 2015-இல் கொடுத்த கணக்கு இன்னும் மோசம்: விண்ணப்பித்த 57 லட்சம் பேரில் 40 லட்சம் பேருக்கு மறுப்பு.

தகுதியற்ற ஒருவர்கூட உள்ளே வந்துவிடக் கூடாது என்ற மக்களின் கோபத்துக்கு அஞ்சியே வருமானச் சான்று, கஷ்டத்துக்கான உறுதிமொழி, வரிப் படிவம், மறு சரிபார்ப்பு என்று வாசலை அத்தனை குறுக்கினார்கள் என்பது என் கணிப்பு. ஏமாற்றுக்காரரைத் தடுக்க வைத்த வேலியில், வேலை போனதால் தவணை தவறியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 2009 அக்டோபரில் வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டிருந்தது. வருமானமே இல்லாதவருக்கு, வருமானத்தில் 31 சதவீதம் என்ற கணக்கு உதவவும் இல்லை. உள்ளே வந்தவர்களும் எல்லோரும் தேறவில்லை. 2009-இன் மூன்றாம் காலாண்டில் நிரந்தரச் சலுகை பெற்றவர்களில் 46 சதவீதம் பேர் 2013-க்குள் மறுபடி தவணை தவறியிருந்தார்கள்.

செலவைப் பாருங்கள். 2010-இல் டார்ப் நிதியில் வீட்டுக்காரர்களுக்கென்று ஒதுக்கீடு 4,560 கோடி டாலராக மறுவரையறை செய்யப்பட்டது. அந்த ஆண்டு முடிவில் செலவானது சுமார் 100 கோடி. நூற்றுக்கு இரண்டு. அந்த நேரத்தில்தான், பணம் வீணாகிறது என்று சொல்லி, பிரதிநிதிகள் சபை 2011 மார்ச்சில் ஹேம்ப்பை ஒழிக்க வாக்களித்தது. செனட்டில் அது நகரவில்லை. 2016 முடிவில் புது விண்ணப்பங்கள் நிற்கும்வரை நிரந்தரச் சலுகை கண்டவர்கள் 16 லட்சத்துக்கு மேல். சொன்ன எண்ணிக்கையில் பாதி. டார்ப் நிதியிலிருந்து வீட்டுக்காரர் திட்டங்கள் எல்லாவற்றுக்கும், 18 மாநிலங்களுக்கும் வாஷிங்டன் தலைநகருக்கும் கொடுத்த 960 கோடி உட்பட, கடைசியில் செலவானது சுமார் 3,100 கோடி டாலர். ஒரு வரிக் கணக்குக்கு 221 டாலர், பத்தாண்டுக்கு மேல் பரவியது.

வங்கிகளின் பக்கம் வேகம் வேறு. 2008 அக்டோபர் நடுவில் முடிவெடுத்து, அந்த மாதத்துக்குள்ளாகவே ஒன்பது பெரிய வங்கிகளுக்கென 12,500 கோடி டாலர் ஒதுக்கினார்கள். வருமானச் சான்று, சோதனைத் தவணை எதுவும் இல்லை. வங்கிகளுக்குப் போன மொத்தம் 24,500 கோடி. திரும்பி வந்தது சுமார் 27,500 கோடி. வங்கிப் பணம் லாபத்தோடு திரும்பியது, வீட்டுக்காரர் பணம் போயே போய்விட்டது என்று இதை வைத்து வாதிடுவோர் உண்டு. முதலாவது முதலீடு, இரண்டாவது மானியம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. வீட்டுக்காரருக்கும் திரும்பி வரும் கடனாகக் கொடுத்திருக்கலாம். 1933-இல் ரூஸ்வெல்ட் காலத்தில் தொடங்கிய வீட்டு உரிமையாளர் கடன் கழகம் சுமார் 10 லட்சம் கடன்களைத் தானே வாங்கி, நீண்ட தவணையில் மாற்றி எழுதியது. ஐந்தில் ஒருவர் அப்போதும் வீட்டை இழந்தார். ஆனாலும் 1951-இல் கழகம் கணக்கை மூடியபோது சிறு உபரி இருந்தது. நடுவில் எந்த வசூல் நிறுவனத்திடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

அன்று தெருவுக்கு வந்தவர்களில் பலருக்குத் தெரியாத ஒரு கணக்கு, ஹார்ப். வீட்டின் விலை பாக்கிக் கடனைவிடக் கீழே போனதால் புதுக் கடன் கிடைக்காமல் பழைய உயர் வட்டியிலேயே மாட்டியவர்களுக்கானது அது. 2009 முடிவில் இப்படி 1 கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் இருந்தன. இதில் சேர முதல் தகுதியே தவணை தவறாமல் கட்டியிருப்பது! ஒழுங்காகக் கட்டியவருக்கு என்ன என்று கேட்டவர்களுக்கு, திட்டத்தின் முதல் நாளிலேயே எழுதப்பட்டிருந்த பதில் அது. விதி இறுக்கமாக இருந்ததால் 2011 முடிவுவரை 10 லட்சம் பேரே பயன்பெற்றார்கள். வீட்டு விலையோடு ஒப்பிட்ட கடன் விகிதத்துக்கான உச்சவரம்பை நீக்கியதும் 2012 ஒரே ஆண்டில் 10 லட்சத்துக்கும் மேல். 2018-இல் முடியும்போது 34 லட்சத்துக்கும் மேல், அதாவது ஹேம்ப்பின் இரு மடங்கு.

அடுத்த வீட்டில் ஜப்தி நடந்தால் நம் வீட்டு விலைக்கு என்ன ஆகும் என்பதும் இந்த ஏட்டில் வர வேண்டிய வரிதான். அரசு அறிவிப்பில் 6,000 டாலர் வரை வீழ்ச்சியைத் தடுக்கலாம் என்றார்கள். அது மிகை என்று நினைக்கிறேன். மாசசூசெட்ஸ் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்த ஜான் கேம்பெல் குழுவினர், மிக அருகில் நடக்கும் ஒரு ஜப்தி சுமார் 1 சதவீதம் விலையைக் குறைப்பதாகக் கண்டார்கள். 2009-இல் நாட்டின் நடுமட்ட வீட்டு விலை சுமார் 1,72,000 டாலர். ஒரு சதவீதம் 1,720. அப்படிப் பார்த்தாலும் 221 டாலர் கட்டியவருக்கு, தெருவில் ஒரே ஒரு ஜப்தி தவிர்ந்திருந்தால் போதும். வாடகைக்காரருக்கு இந்த வரவு கிடையாது. கடைசிவரை அவர் பக்கத்தில் செலவு மட்டுமே.

2011 ஜூனில், ஹேம்ப்பை நடத்திய விதத்தில் பெரும் திருத்தம் தேவை என்று சொல்லி மூன்று பெரிய வங்கிகளுக்கான ஊக்கத்தொகையை நிதித்துறை நிறுத்திவைத்தது. ஆவணங்களைப் படிக்காமலே கையெழுத்திட்டு ஜப்தி செய்த வழக்கில், 2012 பிப்ரவரியில் 49 மாநிலங்களும் நடுவண் அரசும் ஐந்து வசூல் நிறுவனங்களுடன் 2,500 கோடி டாலருக்குச் சமரசம் செய்தன. அதன்படி வீட்டை இழந்தவர்களுக்கு வந்த காசோலை, தலைக்குச் சுமார் 1,480 டாலர். சமரசம் கையெழுத்தான கையோடு, நிறுத்திவைத்த ஊக்கத்தொகையை நிதித்துறை வங்கிகளுக்கு விடுவித்தது. அதற்காக எந்த ஊரிலும் யாரும் தெருவுக்கு வரவில்லை.