புதன்கிழமை சந்தை, ஒரு பாட் டீ, பக்கத்தில் ஜாக்... ஒரு குட்டி ஊரின் சந்தோஷங்கள்!

புதன்கிழமை காலை. வட இங்கிலாந்தின் ஹாரோகேட் நகரில், பஸ்ஸுக்காக நரைத்த தலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. கையில் துணிப்பை, கழுத்தில் மப்ளர், எப்போது வேண்டுமானாலும் கொட்டுவேன் என்று மிரட்டும் வானம். இவர்கள் லண்டனுக்கோ கடற்கரைக்கோ கிளம்பவில்லை. சுமார் ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நேர்ஸ்பரோவுக்குப் போகிறார்கள். அங்கே இன்று சந்தை நாள்!

இந்தப் பயணத்துக்குப் பெரியவர்கள் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் அரசு ஓய்வூதிய வயதை எட்டியவர்களுக்கு உள்ளூர் பஸ்களில் இலவச பாஸ் உண்டு. 2008 ஏப்ரல் முதல் அது நாடு முழுக்கச் செல்லும். வார நாட்களில் காலை 9.30 மணியிலிருந்து இரவு 11 மணி வரை பாஸைக் காட்டி ஏறிக்கொள்ளலாம்.

அரைக்கிலோ தக்காளியும் ஆயிரம் பேச்சும்

சந்தைச் சதுக்கத்தில் வாங்க வேண்டியது அரைக்கிலோ தக்காளிதான். ஆனால், வாங்கி முடிக்க அரை மணி நேரமாகும். மழையைப் பற்றிப் பேச வேண்டும், முட்டைக்கோஸ் விலையைப் பற்றிப் பேச வேண்டும், யாருக்கு முழங்கால் ஆபரேஷன் என்று விசாரிக்க வேண்டும். யார்க்‌ஷயர் பக்கத்துக் கடைக்காரர்கள் முன்பின் தெரியாதவரையும் 'லவ்' என்று அழைப்பது வழக்கம். வீட்டில் தனியாக இருக்கும் ஒருவருக்கு, அன்றைக்குக் காதில் விழும் முதல் மனிதக் குரல் அதுவாகக்கூட இருக்கலாம்.

அடுத்தது டீக்கடை. ஒரு பாட் டீ கேட்டால், குட்டி ஜாடியில் பால் தனியாக வரும். கூடவே பழக்கேக்கும் ஒரு துண்டு வென்ஸ்லிடேல் சீஸும். கேக்கோடு சீஸா என்று புதிதாக வருபவர்கள் முகம் சுளிப்பார்கள். ஒரு வாய் சாப்பிட்டால் போதும், இனிப்பும் லேசான புளிப்பும் சேர்ந்த அந்த ஜோடி பிடித்துப்போகும்.

கல்லாகும் கரடி பொம்மை

டீ குடித்த தெம்பில் கோட்டை மேட்டுக்கு நடக்கலாம். கோட்டையில் மிச்சமிருப்பது இடிந்த சுவர்கள்தான். உள்நாட்டுப் போரில் மன்னர் தரப்பின் கையில் இருந்ததால், அதை இடிக்க 1648-ல் பாராளுமன்றம் உத்தரவிட்டது. அந்தக் கற்களைக் கொண்டே ஊரில் பல வீடுகள் எழும்பின. மேட்டிலிருந்து பார்த்தால் கீழே நிட் ஆறு, அதன் குறுக்கே நான்கு வளைவுகள் கொண்ட ரயில் பாலம், தண்ணீரில் துடுப்புப் படகுகள். இந்தக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. முதலில் கட்டிய பாலம் முடியும் தறுவாயில் 1848-ல் ஆற்றுக்குள் சரிந்துவிட்டது. இப்போது நிற்பது 1851-ல் திறந்தது.

பேரன் பேத்திகள் கூட வந்தால் ஆற்றோரத்தில் உள்ள 'மதர் ஷிப்டன்' குகைக்குக் கூட்டிப் போவார்கள். பக்கத்து ஊற்றில் தாதுக்கள் அதிகம். அந்த நீர் வழியும் இடத்தில் கரடி பொம்மையைத் தொங்கவிட்டால் சில மாதங்களில் கல்போல இறுகிவிடும். இதைக் காசு கொடுத்துப் பார்க்கும் வழக்கம் 1630-லேயே தொடங்கிவிட்டது!

பாதை போட்ட ஜாக்

திரும்பும் முன் சந்தைச் சதுக்கத்து பெஞ்சில் கொஞ்சம் ஓய்வு. அங்கே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருப்பார். அசையமாட்டார், அவர் சிலை! 'பிளைண்ட் ஜாக்' என்று ஊரே அழைத்த ஜான் மெட்காஃப், 1717-ல் இங்கே பிறந்தவர். ஆறு வயதில் அம்மை நோய் பார்வையைப் பறித்தது. பிடில் வாசித்துப் பிழைத்தார், குதிரை ஓட்டினார், பிறகு சாலைகள் போட்டார். சுமார் 290 கிலோமீட்டர்! சதுப்பு நிலம் குறுக்கிட்டபோது, புதர்ச்செடிகளைக் கட்டுக்கட்டாகப் பரப்பி அதன்மேல் சாலை அமைத்தார். 92 வயது வரை வாழ்ந்தார்.

கண்ணால் பார்க்க முடியாத ஊர்களுக்கெல்லாம் மற்றவர்கள் போய்வர வழி செய்த மனிதர் அவர். இன்று இங்கிலாந்தின் பல கிராமங்களில் சாலை இருக்கிறது, பஸ்தான் குறைந்துவிட்டது. பாஸ் கையில் இருந்தும் பஸ் வராத ஊரில், வாரம் ஒருமுறை கிடைக்கும் டீயும் 'லவ்' என்ற அழைப்பும் கிடைக்காமல் போகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அரைக்கிலோ தக்காளி விஷயம். தனியாக வாழும் முதியவருக்கு அந்த வாரமே அதுதான்.

பஸ் வரும் நேரம் ஆகிவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு எழுகிறவர்கள், ஜாக்கின் தோளில் ஒரு தட்டு தட்டலாம். அடுத்த புதன்கிழமையும் அவர் அங்கேதான் இருப்பார். பஸ்ஸும் வர வேண்டும்.