குறுக்கே நிற்கும் சொல்

கொள்ளையர் வழிமறிப்பார்கள்; போலீசார் மடக்கிப் பிடிப்பார்கள். நாளிதழ்களில் இந்த வேலைப் பிரிவினை மாறுவதே இல்லை. ‘மறியலுக்கு முயன்றவர்களைப் போலீசார் தடுத்து நிறுத்தினர்’ என்று எழுதும் நிருபர் மறந்தும் ‘மறித்தனர்’ என்று எழுதமாட்டார். இலக்கணப் புத்தகம் சொல்லித் தந்த பாடமில்லை இது, காது சொல்லித் தந்தது.

தடுக்கிறவர் எதிரே இருக்க வேண்டும் என்பதில்லை. தடையாணை எங்கோ ஓர் அறையில் கையெழுத்தாகிறது. மறிப்பதற்கோ பாதையின் குறுக்கே ஏதாவது கிடந்தாக வேண்டும்: ஆளோ, மரமோ, கல்லோ. ஆற்றை மறித்துத்தான் அணை கட்டுகிறோம். நிலத்துக்கு உரம் சேரட்டும் என்று அறுப்பு முடிந்த வயலில் ஆடுகளை இரவு நிறுத்திவைப்பதையும் ‘கிடை மறிப்பது’ என்கிறார்கள்.

பழைய தமிழில் மறிதல் என்றால் திரும்புதல். கரையேறிய அலை மறியும். அப்படியானால் மறித்தல் என்பது போகிறவரைத் திரும்ப வைப்பது. பேச்சில் தேய்ந்துபோன இந்தப் பொருளை அரசியல் சிறிது காலம் காப்பாற்றியது. 1921இல் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் இறங்கினார்கள். குடிக்க வருகிறவரை வந்த வழியே அனுப்புவதுதான் அந்த மறியலின் வேலை.

பிறகு சொல்லின் குறி மாறியது. டால்மியாபுரத்துக்குக் கல்லக்குடி என்ற பெயர் வேண்டும் என்று 1953 ஜூலை 15 அன்று கருணாநிதி தண்டவாளத்தில் படுத்தபோது, ரயிலோடு யாருக்கும் சண்டை இல்லை. 1987 செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் ஒரு வாரம் நடத்திய சாலை மறியலில் வெட்டிச் சாய்த்த மரங்கள் சாலையில் கிடந்தன, 21 பேர் உயிரிழந்தார்கள். நின்றது பஸ்ஸும் லாரியும். பதில் சொல்ல வேண்டியிருந்தது கோட்டை. 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத இடஒதுக்கீடு வந்தது.

இலங்கையில் இதே சொல் ஆளையே மாற்றிக்கொண்டது. அங்கே மறியல் என்றால் சிறைக்காவல். விசாரணைக் கைதியை வைப்பது விளக்கமறியலில். நம்மூரில் மறியல் செய்தவர்களைக் கல்யாண மண்டபத்தில் அடைத்து மாலையில் விட்டுவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் ஒருவர் ‘மறியலில் இருக்கிறார்’ என்றால் வீட்டார் சட்டத்தரணியைத் தேடிப் போக வேண்டும்.